ஒன்பது நொடி

"நல்வரவு" என்று முதலில் எழுதிவிட்டேன்.
பழக்கதோஷம்.
சம்பங்கி திரையைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
"நம்மகிட்ட யாருங்க ஆசப்பட்டு வருவாங்க?" என்றார்.
அழித்தேன்.

மர்பி டவுன் மார்க்கெட்டுக்குப் பின்னால் அவர் ஷெட்.
மூன்று குளிர்ப்பெட்டிகள், ஒரு டாடா ஏஸ்,
ஆணியில் கொத்தாய்ப் பிளாஸ்டிக் மாலைகள்.
பெட்டிகளுக்குப் பெயர் உண்டு:
பெரியவன், நடுவன், கோளாறு.
கோளாறுக்குப் போன மாதமே கம்ப்ரஸர் மாற்றியாகிவிட்டது.
பெயர்தான் போகமாட்டேன் என்கிறது.

இத்தனை நாள் விளம்பரம் என்றால்
ஆஸ்பத்திரி வாசல் மின்கம்பத்தில் ஒரு ஸ்டிக்கர்.
மாநகராட்சி கிழித்துக்கொண்டே இருந்தது.
"இப்ப எல்லாரும் போன்லதானே தேடுறாங்க,
செத்தவங்க வீட்டுக்காரங்களும்."

நான் அதுவரை செய்தவை
இரண்டு கேக் கடை, ஒரு யோகா வகுப்பு,
எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் நாய்க்கு முடிவெட்டும் இடம்.
கைவசமிருந்த வித்தையெல்லாம்
ஒவ்வொன்றாக இங்கே உதிர்ந்தது.
தானாய் நகரும் படங்கள்: எதன் படம்?
வாடிக்கையாளர் கருத்து, ஐந்து நட்சத்திரம்: யார் கொடுப்பது?
"முதல் முறைக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி..."
வாயிலிருந்து வந்த பிறகுதான்
என் காதில் விழுந்தது.
சம்பங்கி சிரித்த சிரிப்பில்
வெளியே படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது.

அன்றிரவு ஒரு கட்டைவிரலை நினைத்துக்கொண்டேன்.
இரண்டே முக்கால் மணி.
பன்னிரண்டாம் மாடி. நான்கு சதவீதம் சார்ஜ்.
மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தெரியாத மருமகன்.
இவனிடமா படிவம் நிரப்பச் சொல்வது?
இவனிடமா மின்னஞ்சல் முகவரி கேட்பது?

எண்ணை உச்சிக்குக் கொண்டுவந்தேன்.
விரல் எங்கே பட்டாலும் அழைப்பு போகும் அளவுக்கு.
அதன் கீழே வாடகை, ஒரு நாளுக்கு, முழுத்தொகை.
அந்த நேரத்தில் பேரம் பேசக் கூசுவார்கள்,
கூச்சத்துக்கும் சேர்த்து வாங்குகிறவன்
இந்தத் தொழிலில் இருக்கிறான் என்றார்.
பிறகு அவர் சொல்லச் சொல்ல அடித்தேன்:
"பெட்டியின் நீளம் ஏழடி. உங்கள் லிஃப்டில் நுழையாது.
படியில் ஏற்ற எங்கள் ஆட்கள் நால்வர் வருவார்கள்.
நீங்கள் பிடிக்க வேண்டாம்."
கன்னடம், தமிழ், உருது, ஆங்கிலம்.
கடைசி வாக்கியத்தை மட்டும்
நான்கிலும் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

கறுப்பு வேண்டாம் என்றார். வெள்ளை கண்ணைக் குத்தும் என்றேன்.
சலவைக்குப் போய்ப் போய் வந்த
ஸ்கூல் யூனிஃபார்ம் சாம்பலில் முடிந்தது.
படம் ஒன்றே ஒன்று:
டாடா ஏஸ், நம்பர் பிளேட் தெரிய,
கேட்டில் வாட்ச்மேன் நிறுத்திவைக்காமல் இருக்க.

கேக் கடைக்காரர் மாதாமாதம் கேட்பார்,
வருகிறவர்கள் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள்?
இரண்டு நிமிடம் என்றால் முகம் பூரிக்கும்.
இங்கே சராசரி ஒன்பது நொடி.
நான் செய்ததிலேயே உருப்படியான வேலை.

ஜூலையில் ஒரே ஒரு போன்
அந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை.
நான்கு இரவு. மூன்று மணி சுமாருக்கு.
அரைமணி, ஒருநாள் முக்கால் மணி.
வாடகை வரை வரும். ஏழடி வரை வரும்.
மேலே போகும், எண்ணைத் தொடாது.
ஐந்தாம் இரவு வரவில்லை.
அப்புறமும் வரவில்லை.

சம்பங்கியிடம் சொன்னேன்.
கோளாறின் கண்ணாடி மூடியை
நியூஸ்பேப்பரால் துடைத்துக்கொண்டிருந்தார்.
"வேற எடத்துல எடுத்திருப்பாங்க."
இன்னும் கொஞ்சம் துடைத்தார்.
"எடுக்காமலே இருந்திருந்தா ரொம்ப நல்லது."

பாக்கிப் பணத்தை எண்ணித் தரும்போது கேட்டார்:
ராத்திரி சும்மா பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு என்று
அடியில் ஒரு வரி போட முடியுமா?
என்ன வரி என்றேன்.
"தெரியலைங்க. யோசிச்சு சொல்றேன்."

இன்னும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
பக்கத்தின் அடியில் இடம் விட்டிருக்கிறேன்,
இரண்டு விரற்கடை சாம்பல்.